ஆர்சனலின் 2040 வாக்குறுதி: எந்த உமிழ்வைக் கழகம் தன்னுடையது என்று ஏற்க வேண்டும்?

வடகரை எழுதியது:

லண்டனின் ஆர்சனல் கால்பந்துக் கழகம் 2040 ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதாக, அதாவது பசுங்குடில் வாயு உமிழ்வைப் பெருமளவு குறைத்து எஞ்சுவதைக் காற்றிலிருந்து அகற்றுவதாக, உறுதியளித்திருக்கிறது. அந்த இலக்கை ‘அறிவியல் அடிப்படையிலான இலக்குகள் முன்முயற்சி’ என்னும் அமைப்பு சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் உயர்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் கழகங்களில் அந்த ஏற்பை முதலில் பெற்றது ஆர்சனல்தான். 2018 டிசம்பரில் போலந்தின் கத்தோவிட்சே நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் தொடங்கப்பட்ட விளையாட்டுத் துறைக்கான காலநிலைச் செயல்திட்டத்திலும் கழகம் கையெழுத்திட்டுள்ளது. 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்க வேண்டும், 2040க்குள் நிகர பூஜ்ஜியத்தை அடைய வேண்டும் என்பதே அத்திட்டம் உறுப்பினர்களிடம் எதிர்பார்ப்பது.

நான் இக்கழகத்தின் நெடுநாளைய இரசிகன்; இந்த வாக்குறுதி நிறைவேற வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கழகம் தன் சாதனைகளாக முன்வைப்பவை பெரும்பாலும் அரங்கத்துக்குள் நடப்பவை: ஆக்டோபஸ் எனர்ஜி என்ற மின்சார நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின் வழியே வரும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், 2018 இல் கழகத்தின் எமிரேட்ஸ் அரங்கின் அடியில் நிறுவத் தொடங்கிய பெரிய மின்கலத் தொகுதி, திரும்பப் பயன்படுத்தும் கோப்பைகள், லண்டன் கோல்னி பயிற்சி மையத்தைச் சுற்றி நட்ட மரங்கள். இவை யாவும் நல்லவை. ஆயினும் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் உமிழ்வில் பெரும்பகுதி அரங்கத்தின் சுவர்களுக்கு வெளியேதான் இருக்கிறது. இரசிகர்களின் பயணம், அணியின் விமானங்கள், பருவம் தொடங்கும் முன் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் காட்சி ஆட்டங்கள், ஆண்டுக்கு மூன்று புதிய ஜெர்சிகள், சட்டையின் நெஞ்சில் நிற்கும் நிறுவனத்தின் தொழில் ஆகியவற்றை அங்கே காண்கிறோம்.

இவற்றில் எதையெல்லாம் கழகம் தன் கணக்கில் ஏற்க வேண்டும் என்பதே என் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழகம் தானே முடிவெடுக்கும் ஒவ்வொன்றும், அந்த முடிவால் அதற்கு வருமானம் குறையும் என்றாலும், அதன் கணக்கில் வந்தாக வேண்டும். வருமானம் குறையாத இடங்களில் மட்டும் செய்யும் குறைப்பைக் கொண்டு ஒரு வாக்குறுதியை மதிப்பிட முடியாது.

கணக்காயன் எழுதியது:

வடகரை அவர்களே, நல்ல கேள்வி. நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்கெடுப்பில் பணியாற்றுகிறேன் என்பதால் அடிப்படையை முதலில் விளக்கிவிடுகிறேன். இல்லையேல் இழை முழுவதும் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

பசுங்குடில் வாயுக்களை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறோம். கழகம் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வரம்பு. கால்பந்தில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஆடுகளத்தின் அடியில் ஓடும் வெப்பக் குழாய்கள். பனிக்காலத்தில் புல் உறையாமல் இருக்க அவற்றில் சூடான நீர் ஓடுகிறது. பல அரங்குகளில் அந்த நீரைச் சூடாக்குவது இயற்கை எரிவாயுக் கொதிகலன். வாங்கும் மின்சாரம் இரண்டாம் வரம்பு. அரங்கின் ஒளிவெள்ள விளக்குகளையே எல்லோரும் நினைப்பார்கள். அவை எரிவது சில மணி நேரந்தான். உயர்ந்த கூரைகளின் நிழலில் புல் வளராததால், ஆட்டமில்லாத நாள்களில் சக்கரம் பொருத்திய விளக்குச் சட்டங்களை ஆடுகளத்தின் மேல் நிறுத்திப் புல்லுக்குச் செயற்கை வெளிச்சம் கொடுக்கிறார்கள். குளிர்மாதங்களில் அவை நாள்கணக்கில் எரிகின்றன. புல்லுக்குச் செலவாகும் மின்சாரத்தைப் பற்றி இரசிகர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்றாம் வரம்பில் மற்ற எல்லாம் அடங்கும்: வாங்கும் பொருள்கள், விற்கும் ஜெர்சிகள், உணவு, அணியின் பயணம், ஊழியர் பயணம், கழிவு. இரசிகர் பயணத்தையும் பெரும்பாலோர் இதில்தான் வைக்கிறார்கள்.

இரண்டாம் வரம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அந்நாட்டின் மின்கட்டமைப்பே ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகி வருகிறது. எனவே ஒரு கழகம் எதுவும் செய்யாமல் இருந்தாலும் அதன் மின்சார உமிழ்வு தானாகக் குறையும். கழகங்களின் அறிக்கைகளில் இரண்டாம் வரம்புக் குறைப்பைக் காணும்போது, அதில் எவ்வளவு கழகத்தின் உழைப்பு, எவ்வளவு நாட்டின் மின்துறை செய்த மாற்றம் என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஆர்சனலின் மின்கலத் தொகுதி இந்த இடத்தில் உண்மையிலேயே பயனுள்ளது. மின்தேவை குறைந்த நேரத்தில் சேமித்து, உச்ச நேரத்தில் கட்டமைப்புக்குத் திருப்பித் தருகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு அரங்கை இயக்கும் அளவுக்கு அதன் கொள்ளளவு இருப்பதாக நிறுவியபோது அறிவித்தார்கள்.

ஹாலோவே சாலை எழுதியது:

இரசிகர் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்சனலின் மிகப் பெரிய காலநிலை நன்மை எந்த வாக்குறுதியிலும் இல்லை. அது அரங்கம் அமைந்திருக்கும் இடம். 2006 இல் பழைய அரங்கமான ஹைபரியிலிருந்து வெளியேறியபோது, நகரின் புறவழிச்சாலை ஒன்றின் ஓரத்தில் பெரிய வாகன நிறுத்துமிடத்துடன் ஓர் அரங்கைக் கட்டியிருக்க முடியும். பல கழகங்கள் அப்படித்தான் செய்தன. ஆர்சனல் சில நூறு மீட்டர் மட்டுமே நகர்ந்தது. ஆர்சனல், ஃபின்ஸ்பரி பார்க், ஹைபரி–இஸ்லிங்டன், ஹாலோவே சாலை ஆகிய இரயில் நிலையங்கள் எல்லாம் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. ஆட்ட நாள்களில் சுற்றியுள்ள தெருக்களில் வெளியார் வாகனம் நிறுத்த முடியாது. அறுபதாயிரம் பேர் கூடும் அரங்குக்குப் பெரும்பான்மையோர் பொதுப் போக்குவரத்தில் வந்து போகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் வாழும் எங்களுக்கு ஆட்ட நாளின் நெரிசல் தொல்லைதான். ஆனால் அந்த நெரிசல் நடைபாதையில் இருக்கிறது, சாலையில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலம், நகரத் திட்டமிடல், இஸ்லிங்டன் நகரமன்றத்தின் நிபந்தனை ஆகிய காரணங்களால் எடுத்த ஒரு முடிவு, பின்னால் வந்த எல்லாக் கோப்பைகளையும் மரங்களையும் விட அதிக உமிழ்வைத் தவிர்த்திருக்கும் என்பது என் துணிபு.

மேற்குமலை எழுதியது:

ஹாலோவே சாலை நண்பர் சொன்னதன் மறுபக்கத்தைக் காட்ட ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கழகத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். நான் குளோஸ்டர்ஷைரில் அதற்கு அருகில்தான் வசிக்கிறேன். ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழும் நெய்ல்ஸ்வொர்த் என்னும் சிற்றூரின் கழகம் அது. ஈகோட்ரிசிட்டி என்ற பசுமை மின்சார நிறுவனத்தை நிறுவிய டேல் வின்ஸ் 2010 இல் தலைவரானார். அரங்கில் இறைச்சி நிறுத்தப்பட்டது. 2015 முதல் வீரர்களுக்கும் இரசிகர்களுக்கும் முழுத் தாவர உணவு மட்டுமே. கூரையில் சூரியத் தகடுகள், செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாத ஆடுகளம், மின்வாகனங்களுக்கு மின்னேற்றும் வசதி என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். 2018 இல் ஐ.நா. சான்றளித்த முதல் கார்பன் சமநிலைக் கால்பந்துக் கழகமாக அறிவிக்கப்பட்டது. ஆர்சனலின் முன்னாள் வலதுபுறத் தடுப்பாளர் ஹெக்டர் பெயெரின் 2020 இல் அக்கழகத்தின் இரண்டாவது பெரிய பங்குதாரரானார். அதே ஆண்டு ஆர்சனல் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் 3,000 மரங்கள் நடுவதாக அவர் அறிவித்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வளவு செய்த கழகத்தின் நியூ லான் அரங்கமோ குன்றின் உச்சியில் இருக்கிறது. ஊரில் இரயில் நிலையம் இல்லை; ஸ்ட்ரவுட் வரை இரயிலில் வந்து பேருந்து பிடிக்க வேண்டும். எனவே மகிழுந்துதான் பெரும்பாலோருக்கு வழி. ஜாஹா ஹதீத் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த, முழுக்க மரத்தாலான 5,000 இருக்கை அரங்கம் ஒன்றை எம்5 நெடுஞ்சாலைக்கு அருகில் கட்டத் திட்டமிட்டார்கள். ஸ்ட்ரவுட் மாவட்ட மன்றம் 2019 ஜூனில் அதை மறுத்தது. திருத்திய திட்டத்துக்கு அதே ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மரத்தால் கட்டினால் கட்டுமானப் பொருளின் உமிழ்வு குறையும் என்பது உண்மை. ஆனால் பசும்புல் நிலத்தில், நெடுஞ்சாலைச் சந்திப்பின் அருகில் அமையும் அரங்கத்துக்கு மக்கள் எப்படி வருவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஊரை விட்டுப் போக விரும்பாத பழைய இரசிகர்களின் வருத்தமும் அதில் கலந்திருந்தது.

அந்தக் கழகத்தை நான் குறை சொல்லவில்லை. தாவர உணவைக் கண்டு முகம் சுளித்தவர்களே பின்னர் அதை விரும்பி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கழகத்தின் கொள்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் புவியியல் அதை மீறி நிற்கும் என்பதையே சொல்கிறேன்.

வடகரை எழுதியது:

இடத்தைப் பற்றிய இரு பதிவுகளுக்கும் நன்றி. இடத்தைக் கழகம் எளிதில் மாற்ற முடியாது. நாளைக் காலையே மாற்றக்கூடிய ஒன்றைப் பேசுவோம்: அணியின் உள்நாட்டு விமானப் பயணம்.

2015 நவம்பரில் ஆர்சனல் அணி நார்விச் நகருக்கு விமானத்தில் சென்றது. வானில் இருந்த நேரம் 14 நிமிடம் என்று செய்திகள் வந்தன. 2021 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட், நெடுஞ்சாலை நெரிசலைக் காரணம் காட்டி, லெஸ்டர் ஆட்டத்துக்கு விமானத்தில் சென்றது. 2023 ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரண்டு மாதங்களில் 100 பிரீமியர் லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பிபிசி, 81 உள்நாட்டு விமானப் பயணங்களைக் கண்டறிந்தது. பிரான்சில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி 2022 செப்டம்பரில் நாண்ட் நகருக்கு விமானத்தில் சென்றது. அதிவேக இரயிலில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. அதைப் பற்றிக் கேட்டபோது பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் கால்ட்டியே, மணற்படகில் (கடற்கரை மணலில் காற்றால் ஓடும் பாய்மரச் சக்கர வண்டியில்) போகலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிச் சிரிப்பில் தள்ளினார். பக்கத்தில் அமர்ந்திருந்த அணி வீரர் எம்பாப்பேவும் சிரித்தார். கடும் வறட்சியும் காட்டுத்தீயும் நாட்டை வாட்டிய கோடை அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு மக்களால் அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை, அமைச்சர்களே கண்டித்தார்கள்.

இப்பயணங்களில் இன்னொரு கூறு மறைந்திருக்கிறது. வாடகை விமானம் அணி இருக்கும் ஊரில் காத்திருப்பதில்லை. வேறொரு விமான நிலையத்திலிருந்து வெறுமையாகப் பறந்து வந்து ஏற்றிக்கொள்கிறது, இறக்கிவிட்டு மீண்டும் வெறுமையாகப் போகிறது. அந்த வெற்றுப் பறப்பும் அணிக்காக நிகழ்ந்ததே. கழகத்தின் மொத்த உமிழ்வில் இவை சிறிய பங்கு என்று கணக்காயன் சொல்லக்கூடும். ஆனால் தொடருந்தில் போங்கள், மிதிவண்டியில் வாருங்கள் என்று இரசிகர்களிடம் கேட்கும் கழகம், தன் பயணத்தில் அதைச் செய்யாதபோது அந்த வேண்டுகோளுக்கு மதிப்பு இருப்பதில்லை.

இடதுகால் எழுதியது:

வடகரை ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அணி மருத்துவர்களின் இடத்தில் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். இளையோர் அணிகளுக்கு உடற்பயிற்சி ஆலோசகராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதன்கிழமை இரவு ஆடிய வீரர் சனிக்கிழமை நண்பகலில் மீண்டும் ஆட வேண்டியிருக்கும்போது உறக்கமே முதல் மருந்து. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பத்து மணிக்கு முடிகிறது. வீரர்கள் அரங்கை விட்டு வெளியே வர பதினொன்றாகிவிடும். நியூகாசிலில் இருந்து லண்டனுக்கு அந்த நேரத்துக்குப் பின் இரயில் கிடையாது. பேருந்தில் ஐந்து மணி நேரம். அங்கேயே தங்கினால் மறுநாள் பயிற்சி போய்விடும்.

ஆட்ட நேரத்தைத் தீர்மானிப்பவை தொலைக்காட்சி ஒப்பந்தங்கள். கடைசி இரயில் போன பிறகு முடியும் ஆட்டங்களால் வெளியூர் இரசிகர்களும் மகிழுந்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நார்விச் போன்ற குறுகிய தூரத்துக்கு விமானம் வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு நியாயம் எதுவும் இல்லை. மற்றவற்றுக்குக் கழகத்தை மட்டும் குற்றஞ்சாட்டாமல், அட்டவணை போடுகிறவர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

யாழ் உதைபந்து எழுதியது:

இடதுகால் அண்ணா சொன்னதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறேன். 2019 மே 29 அன்று யூரோப்பா லீக் இறுதியாட்டம். ஆர்சனலும் செல்சியும் மோதின. இரண்டும் லண்டன் கழகங்கள். ஒரு கழகத்தின் அரங்கிலிருந்து மற்றதற்குப் பாதாள இரயிலில் போய்விடலாம். ஆட்டம் நடந்த இடமோ அஜர்பைஜானின் பாக்கு நகர், லண்டனிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். இரு கழகங்களுக்கும் ஆளுக்குச் சுமார் 6,000 நுழைவுச்சீட்டுகள் ஒதுக்கினார்கள். போக நேரடி வழி குறைவு என்பதால் பல இரசிகர்கள் இரண்டு மூன்று விமானம் மாறிப் போனார்கள். இறுதியாட்ட நகரத்தை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் முன்கூட்டியே தேர்ந்துவிடுகிறது. அந்த உமிழ்வை ஆர்சனலின் கணக்கில் எழுதுவதா, சங்கத்தின் கணக்கில் எழுதுவதா?

அதே சங்கம் 2024–25 பருவம் முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டங்களுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள் வைத்திருக்கிறது. உலகக் கிண்ணம் 2026 இல் 48 அணிகள், 104 ஆட்டங்கள். பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் (ஃபிஃபா) 2040க்குள் நிகர பூஜ்ஜியம் என்று தானும் உறுதியளித்துவிட்டு, 2024 இல் சவூதி அராம்கோ என்ற எண்ணெய் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மேலே இருப்பவர்கள் ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது, கீழே ஒரு கழகம் தன் கோப்பைகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதால் என்ன மிஞ்சும்?

இனி நாம் எல்லோரும் தவிர்த்துக்கொண்டிருக்கும் விடயம். ஆர்சனலின் அரங்கத்துக்கும் சட்டைக்கும் எமிரேட்ஸ் என்ற ஒரு விமான நிறுவனத்தின் பெயர். 2004 இல் செய்த ஒப்பந்தம் அரங்கம் கட்டவே உதவியது. சட்டை ஒப்பந்தம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஒளிபரப்பில் தொண்ணூறு நிமிடமும் விமானப் பயணத்துக்கு விளம்பரம் செய்யும் ஒரு கழகம், தன் நிகர பூஜ்ஜியக் கணக்கில் அந்த விளம்பரத்தின் விளைவைப் பற்றி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை என்றால், அந்தக் கணக்கு முறையே போதாது என்பதுதான் என் கருத்து.

கணக்காயன் எழுதியது:

யாழ் உதைபந்து தம்பிக்குப் பதில். விளம்பரத்தால் தூண்டப்படும் உமிழ்வைக் கழகத்தின் கணக்கில் சேர்க்க இன்று நடைமுறையில் உள்ள விதிகள் எதுவும் கோரவில்லை. காரணம் எளிது: சட்டையில் பெயரைப் பார்த்து ஒருவர் விமானச்சீட்டு வாங்கினாரா, எப்படியும் போகவிருந்தவர் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொண்டாரா என்று அளக்க முடியாது. அளக்க முடியாததைக் கணக்கில் எழுதினால் கணக்கின் மற்ற பகுதிகளும் நம்பகம் இழக்கும். எனவே அதை உமிழ்வு எண்ணாக அல்லாமல் கொள்கை முடிவாகவே கேட்க வேண்டும். புகையிலை விளம்பரத்தை விளையாட்டிலிருந்து அகற்றியபோது, எத்தனை பேர் சட்டையைப் பார்த்துப் புகைத்தார்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

‘நிகர பூஜ்ஜியம்’, ‘கார்பன் சமநிலை’ இரண்டையும் பலர் ஒன்றாகக் கருதுவதையும் இங்கே கவனிக்கிறேன். ஆர்சனல் ஏற்றுக்கொண்டுள்ள தரநிலையின்படி நீண்டகால இலக்கு என்பது உமிழ்வைப் பொதுவாக 90 விழுக்காடு அளவுக்கு உண்மையிலேயே குறைப்பது. எஞ்சும் சிறு பகுதிக்கு மட்டும் காற்றிலிருந்து கார்பனை நிலையாக அகற்ற வேண்டும். வேறிடத்தில் பிறர் செய்யும் உமிழ்வுக் குறைப்புக்குப் பணம் கொடுத்து ஈட்டு வரவுகளை வாங்கிக் கழித்துக்கொள்வது குறைப்பாகாது. ‘கார்பன் சமநிலை’ என்று அறிவிக்கும் நிகழ்வுகளோ பெரும்பாலும் அந்த வரவுகளை நம்பியே நிற்கின்றன. 2021 செப்டம்பர் 19 அன்று டாட்டன்ஹாமும் செல்சியும் ஆடிய ஆட்டத்தை உயர்நிலைக் கால்பந்தின் முதல் நிகர பூஜ்ஜிய ஆட்டம் என்றார்கள். அணிகள் தாவர எண்ணெய் எரிபொருளில் ஓடும் பேருந்தில் வந்தன, இரசிகர்களைப் பொதுப் போக்குவரத்தில் வரச் சொன்னார்கள், மிஞ்சியதை ஈடுகட்டினார்கள். விழிப்புணர்வுக்கு அது உதவியிருக்கலாம். அதற்கு மேல் அதை மதிக்க நான் தயங்குவேன்.

இந்தச் சொற்களின் மீது இப்போது சட்டத்தின் பார்வையும் விழுந்திருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு முப்பத்தாறு இலட்சம் டன் அளவுக்கு உமிழ்வு இருக்கும் என்று அமைப்பாளர்களே மதிப்பிட்டுவிட்டு, அதைக் கார்பன் சமநிலைப் போட்டி என்று விளம்பரம் செய்தார்கள். ஐந்து நாடுகளிலிருந்து சென்ற புகார்களை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் விளம்பர நேர்மை ஆணையம், அந்தக் கூற்று பொய்யானது, மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று 2023 ஜூனில் முடிவு செய்தது. ஈட்டு வரவுகளை மட்டும் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலை கொண்டது என விற்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தில் இல்லை என்றாலும், ஒன்றிய நாடுகளில் ஜெர்சி விற்கும் கழகங்கள் அதைக் கவனித்தே ஆக வேண்டும்.

புதுவரவு எழுதியது:

ஒரு மின்நிலையம், ஒரு உருக்காலையுடன் ஒப்பிட்டால் ஒரு கால்பந்துக் கழகத்தின் உமிழ்வு மிகச் சிறியது. பெரியவற்றை விட்டுவிட்டு இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாக ஆராய வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

மேற்குமலை எழுதியது:

புதுவரவு அவர்களுக்கு: காலநிலை மாற்றம் முதலில் மூழ்கடிப்பது இந்த ஆடுகளங்களைத்தான். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலில் கார்லைல் யுனைடெட் கழகத்தின் பிரண்டன் பார்க் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் வரை வெள்ளத்தில் நின்றது. உள்ளூர் ஆட்டங்களை அக்கழகம் பிரஸ்டன், பிளாக்பர்ன், பிளாக்பூல் நகரங்களில் ஆட வேண்டியிருந்தது. 2024 மே மாதம் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் இன்டர்நாசியோனல், கிரேமியோ ஆகிய இரு பெரும் கழகங்களின் அரங்குகளும் மூழ்கின. தேசிய லீக்கின் இரண்டு சுற்று ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அங்கே உயிரிழந்த மக்களின் எண்ணிக்கைக்கு முன் ஆட்டம் நின்றது பெரிதல்ல. ஆயினும் அரசியல்வாதி சொன்னால் காதில் வாங்காத ஒருவர் தன் கழகம் சொன்னால் கேட்கிறார். அந்தச் செல்வாக்கு உருக்காலைக்கு இல்லை.

பிரைபூர்க் எழுதியது:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே சில கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பல பூண்டஸ்லீகா கழகங்களின் நுழைவுச்சீட்டே அன்றைய பேருந்து, டிராம், வட்டார இரயில் பயணச்சீட்டாகவும் செல்லும். செலவு சீட்டின் விலையிலேயே அடங்கியிருப்பதால், மகிழுந்தை எடுப்பவர் அதற்குத் தனியாகச் செலவழிக்கிறார். டிராமில் வருபவர் எதுவும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அறிவுரையை விட இது நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஊரின் எஸ்சி பிரைபூர்க் கழகம் 2021 இல் புதிய அரங்குக்கு இடம்பெயர்ந்தபோது அதன் வாசல் வரை டிராம் பாதை நீட்டப்பட்டது; ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள்; கூரை முழுவதும் சூரியத் தகடுகள். 2024 ஐரோப்பியக் கோப்பையிலும் நுழைவுச்சீட்டுடன் 36 மணி நேரப் பொதுப் போக்குவரத்து இணைக்கப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஜெர்மன் லீக் அமைப்பு 2022 இல் நிலைத்தன்மை அளவுகோல்களை உரிம விதிகளில் சேர்த்தது. லீக்கில் ஆட உரிமம் வேண்டுமென்றால் கழகம் அவற்றுக்கு விடை சொல்ல வேண்டும். யாழ் உதைபந்து கேட்ட கேள்விக்கு இது ஒரு பகுதி விடை: ஒரு கழகம் தனியாக விமானத்தைக் கைவிட்டால் போட்டியில் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சும், விதி எல்லோருக்கும் பொதுவானால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

வடகரை எழுதியது:

பிரைபூர்க் நண்பர் சொன்ன பொது விதி என் எண்ணத்தைத் தெளிவாக்கியது. பிரீமியர் லீக் கழகங்களும் 2024 பிப்ரவரியில் ஒரு குறைந்தபட்ச உடன்பாட்டுக்கு வந்தன: சுற்றுச்சூழல் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும், மூத்த அலுவலர் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், 2025–26 பருவத்தின் முடிவுக்குள் மூன்று வரம்புகளுக்குமான உமிழ்வுத் தரவைத் தொகுக்க வேண்டும். தரவைத் தொகுப்பது வேறு, இரசிகர்கள் படிக்கும்படி வெளியிடுவது வேறு. ஆர்சனலிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவதை. அணி மேற்கொண்ட ஒவ்வொரு உள்நாட்டு விமானப் பயணமும், அது வெறுமையாகப் பறந்த தூரத்துடன் சேர்த்து, அதில் இருக்க வேண்டும். இடதுகால் சொன்ன நியூகாசில் இரவு ஆட்டத்துக்குக் கழகம் காரணம் எழுதட்டும்; நேர்மையான காரணத்தை இரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நார்விச்சுக்குக் காரணம் எழுத முடியாது, எனவே அத்தகைய பயணம் நின்றுவிடும்.

பருவத்துக்கு முந்தைய சுற்றுப்பயணத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாக்குவைத் தேர்ந்தது ஐரோப்பியச் சங்கம். ஆட்ட நேரத்தைத் தேர்ந்தது தொலைக்காட்சி. ஆனால் 2023இலும் 2024இலும் அமெரிக்காவுக்கும், 2025 ஜூலையில் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போகும் முடிவைக் கழகமே எடுத்தது. ஹாங்காங்கில் எதிர்த்து ஆடிய அணி டாட்டன்ஹாம்! வடக்கு லண்டனின் அண்டை வீட்டார் இருவரும் அரை உலகம் பறந்து போய்ச் சந்தித்துக்கொண்டார்கள். நியூகாசிலும் டாட்டன்ஹாமும் 2024 மே 19 அன்று பருவத்தை முடித்துவிட்டு, மூன்று நாள் கழித்து மெல்பர்னில் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. இவற்றால் வரும் வருமானம் கழகத்துக்குப் பெரிது என்பதை அறிவேன். வாக்குறுதி உண்மையா என்பதை அந்த இடத்தில்தான் அறிய முடியும்.

ஹாலோவே சாலை எழுதியது:

உடன்படுகிறேன், ஒரு சேர்க்கையுடன். அந்தச் சுற்றுப்பயணங்கள் ஆசிய இரசிகர்களுக்காக நடத்தப்படுகின்றன என்று கழகம் சொல்லும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் நள்ளிரவில் விழித்திருந்து ஆட்டம் பார்க்கும் பலர் இந்த இழையைப் படிக்கிறீர்கள். அணியை ஒருமுறையேனும் நேரில் காணும் உங்கள் ஆசை நியாயமானது. லண்டனில் வாழும் நான் அதைத் தடுக்கச் சொல்வது எளிது என்பதையும் உணர்கிறேன். அதனால்தான் இதைப் பற்றிக் கழகத்துக்குக் கடிதம் எழுதுவதானால் அது உங்களிடமிருந்தும் போக வேண்டும். ஆண்டுதோறும் என்பதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றி, போகும்போது ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடினால் உங்களுக்கு ஏற்புடையதா?

யாழ் உதைபந்து எழுதியது:

எனக்கு ஏற்புடையது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றால் காத்திருப்பேன். ஆனால் அந்தக் கடிதத்தில் 2028 ஐயும் சேர்த்து எழுதுங்கள். விமான நிறுவனத்துடனான சட்டை ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிகிறது; அடுத்ததைப் பற்றிய பேச்சுவார்த்தை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் பயனில்லை. புதிய ஒப்பந்தத்துக்கு வரும் நிறுவனம் தன் உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தையும் கழகம் ஏற்றுக்கொண்ட அதே அமைப்பிடம் சரிபார்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கக் கழகம் ஆயத்தமா என்று கேளுங்கள். வரைவை இங்கே இடுங்கள். நானும் என் பெயரைச் சேர்க்கிறேன்.